மாண்டிசோரி அம்மாவும் நம்ம ஊர் பால்வாடியும்

நம்ம ஊரில் இப்போது தெருவுக்கு ஒரு மாண்டிசோரிப் பள்ளி. போர்டில் ஒரு பக்கம் மிக்கி மவுஸ், இன்னொரு பக்கம் பட்டமளிப்புத் தொப்பி போட்ட மூணு வயசுக் குழந்தை, நடுவில் கொட்டை எழுத்தில் 'மாண்டிசோரி'. அப்படின்னா என்னங்கன்னு கேட்டால், நர்சரி, கிண்டர்கார்டன் மாதிரி அதுவும் ஏதோ ஒரு இங்கிலீஷ் வார்த்தை என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். அது ஒரு அம்மாவோட பேருங்க. இத்தாலிக்காரங்க, டாக்டருக்குப் படிச்சவங்க. அடையாறிலும் கொடைக்கானலிலும் வருஷக்கணக்கில் குடியிருந்தவங்க.

நீர்வளப் பொறியியல் படிக்க நெதர்லாந்து வந்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் இருக்கும் டெல்ஃப்ட் ஊரில் ஒரு மாண்டிசோரிப் பள்ளி உண்டு. ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் என்ற கட்டடக் கலைஞர் 1960களில் கட்டியது. கட்டடக்கலை படிக்கிற பசங்களுக்கு அது ஒரு கோயில் மாதிரி. வகுப்பறைகள் நம்ம 'ட' எழுத்து வடிவத்தில் இருக்கும். ஒரு மூலையில் நாலு பேர் சத்தம் போட்டு வேலை பார்த்தாலும் இன்னொரு மூலையில் ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்து படிக்கலாம். மழலையர் கூடத்தில் தரையில் சதுரமாக ஒரு பள்ளம், அது நிறைய மரக்கட்டை முக்காலிகள். குழந்தைகள் அதை வெளியே எடுத்து ரயில் விடலாம், கோபுரம் கட்டலாம், காலியான பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்து கதை பேசலாம்.

கட்டடத்தை விட எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. இது அரசு நிதியில் நடக்கும் சாதாரணப் பள்ளி! 1917ல் செய்த அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, எந்த முறையில் நடந்தாலும், அரசு விதிகளுக்கு உட்பட்டால் பள்ளிக்குச் சமமாக நிதி கொடுக்கிறார்கள். அதனால் இந்த நாட்டில் பஸ் ஓட்டுநர் பிள்ளையும் பேராசிரியர் பிள்ளையும் ஒரே மாண்டிசோரிப் பள்ளியில் படிக்க முடியும். ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த யூதக் குழந்தை ஆன் ஃபிராங்க் ஆம்ஸ்டர்டாமில் 1934 முதல் 1941 வரை படித்ததும் ஒரு மாண்டிசோரிப் பள்ளியில்தான்.

இங்கே இது சாதாரணப் பள்ளி, நம்ம ஊரில் மட்டும் எப்படிக் காசுள்ளவர் பள்ளி ஆச்சு? இந்தக் கேள்வியோடு நூலகத்தில் உட்கார்ந்ததன் பலன்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

வெள்ளையடிக்கிற செலவு

மரியா மாண்டிசோரி பிறந்தது 1870 ஆகஸ்ட் 31. 1896ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். இத்தாலியில் டாக்டரான முதல் சில பெண்களில் ஒருவர். (முதல் பெண் என்றே பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது சரியில்லை.) மனநல மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தபோது, 'இதுங்களுக்கு ஒண்ணும் வராது' என்று ஒதுக்கி அடைத்து வைத்திருந்த குழந்தைகளைப் பார்த்தார். இவர்களுக்குத் தேவை மருந்தை விடக் கல்வி என்று தோன்றியது. இட்டார், செகன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதியவற்றைத் தேடிப் படித்து, கைக்கும் கண்ணுக்கும் வேலை கொடுக்கும் பொருள்களைச் செய்து கொடுத்தார். அந்தக் குழந்தைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்றுப் பொதுப் பள்ளித் தேர்விலேயே தேறினார்கள். ஊரே பாராட்டியது. ஆனால் அம்மணிக்கு வந்த சந்தேகமே வேறு. இவங்களே தேறுறாங்கன்னா, ஆரோக்கியமான குழந்தைகளை நம்ம பள்ளிக்கூடங்கள் எந்த லட்சணத்தில் வைத்திருக்கின்றன?

பதில் தேடுவதற்கு அவருக்கு வாய்ப்புக் கிடைத்த இடம் சான் லொரென்சோ. ரோமில் கூலித் தொழிலாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. ஒரு கட்டட நிறுவனம் அங்கே இருந்த பாழடைந்த அடுக்கு வீடுகளைச் சீர் செய்து குடித்தனம் விட்டிருந்தது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பள்ளி வயசு வராத வாண்டுகள் படிக்கட்டிலும் சுவரிலும் கைவரிசை காட்டின. வெள்ளையடித்து மாளவில்லை. அந்தச் செலவுக்கு, குழந்தைகளை ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டுவிடலாம் என்று நிறுவனத்தின் தலைவர் எதோவார்தோ தலாமோ கணக்குப் போட்டார். பொறுப்பு மாண்டிசோரியிடம் வந்தது. 1907 ஜனவரி 6ஆம் தேதி, மார்சி தெரு 58ஆம் எண் கட்டடத்தில், சுமார் 50 குழந்தைகளோடு 'குழந்தைகள் இல்லம்' திறந்தது.

ஆக, உலகத்தின் முதல் மாண்டிசோரிப் பள்ளி பிறந்ததே வீட்டு ஓனர் சுண்ணாம்புச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் :-)

அந்த இல்லத்தின் விதிமுறைகளைப் பாருங்கள். கட்டணம் கிடையாது. குழந்தையைக் குளிப்பாட்டிச் சுத்தமாக அனுப்ப வேண்டும். அம்மா வாரம் ஒருமுறையாவது வந்து ஆசிரியையிடம் பேச வேண்டும். ஆசிரியை அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும். அதாவது, குடியிருப்புக்குள்ளேயே, அவர்களுடைய சொந்த இடமாக ஒரு பள்ளி.

பூட்டாத அலமாரி

அங்கே மாண்டிசோரி செய்த பெரிய காரியம், சும்மா இருந்து கவனித்ததுதான். ஒரு மூணு வயசுப் பெண் குழந்தை. மரக்கட்டையில் அளவு அளவாகத் துளைகள், அவற்றில் பொருந்தும் உருளைகள். எடுத்துக் கலைத்து, திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்ற குழந்தைகளைப் பாடவிட்டார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார். கட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு அவள் பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, தானாக நிறுத்தி, நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி சிரித்தாளாம். மூணு வயசுக்குக் கவனம் நிற்காது என்று யார் சொன்னது?

அந்தக் கட்டையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு உருளையைத் தப்பாகப் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் மிஞ்சி நிற்கும். 'தப்பு' என்று டீச்சர் சொல்ல வேண்டியதே இல்லை, பொருளே சொல்லிவிடும். 1 சென்டிமீட்டரில் தொடங்கி 10 சென்டிமீட்டர் வரை பத்துக் கனசதுரங்களை அடுக்கும் இளஞ்சிவப்புக் கோபுரத்திலும் இதே தத்துவம்தான். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகினார்கள். மணலில் விரல் வைத்து 'அ' எழுதிய திண்ணைப் பள்ளிப் பரம்பரைக்கு இது புரியாதா என்ன. பேனா பிடிக்கும் முன்பே விரலுக்கு எழுத்து தெரிந்துவிட, நாலு ஐந்து வயசில் குழந்தைகள் திடீரென்று சாக்பீஸை எடுத்துத் தரையெல்லாம் எழுத ஆரம்பித்தார்கள். பெற்றோரில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஒருநாள் ஆசிரியை வரத் தாமதம். முதல் நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். வந்து பார்த்தால் குழந்தைகளே திறந்து, தேவையானதை எடுத்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகப் பட்டது, மாண்டிசோரிக்கு அது தேர்வாகப் பட்டது. அதன் பிறகு பூட்டு போனது. குழந்தை உயரத்துக்குத் திறந்த அலமாரிகள் வந்தன.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூக்குச் சிந்துகிற பாடம். சத்தம் வராமல் கைக்குட்டையில் மூக்கைத் துடைப்பது எப்படி என்று ஒருநாள் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்கும் என்று எதிர்பார்த்தால், கைதட்டினார்கள்! 'மூக்கைத் தொடைடா' என்று திட்டு வாங்கியே வளர்ந்த குழந்தைகள் அவர்கள். எப்படித் துடைப்பது என்று மரியாதையாகச் சொல்லிக் கொடுத்த முதல் ஆள் இவர்தான்.

கண்ணாடி வகுப்பறை

1909ல் புத்தகம் வந்தது, 1912ல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. அமெரிக்கா கொண்டாடியது. அந்த நாட்டின் முதல் மாண்டிசோரிப் பள்ளி 1911ல் நியூயார்க் அருகே டாரிடவுனில், வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு தொடங்கியிருந்தது. தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல் தம்பதி ஆதரவாளர்கள். 1915 சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த மாண்டிசோரி வகுப்பறை. குழந்தைகள் உள்ளே வேலை செய்ய, ஜனம் வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. எட்டு வருஷத்துக்கு முன் கூலிக்காரர் குடியிருப்பில் பிறந்தது, இப்போது கண்காட்சிப் பொருள்.

இத்தாலியில் 1924 முதல் முசோலினி அரசு ஆதரவு தந்தது. மாண்டிசோரியும் அதை ஏற்றுக்கொண்டார். அவர் வாழ்க்கையில் சங்கடமான பக்கம் இது, மறைக்க வேண்டியதில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படியும் குழந்தைகளைக் கேட்ட அரசுக்கும் தானாகத் தேர்ந்தெடுக்கும் குழந்தைகளை வளர்க்கும் பள்ளிக்கும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934ல் உறவு முறிந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. 1936ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பார்சிலோனாவிலிருந்து துரத்த, நெதர்லாந்து வந்து சேர்ந்தார்.

ஒரு சின்னத் தகவல். அவர் 1929ல் தொடங்கிய சர்வதேச சங்கம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. ஆனால் 'மாண்டிசோரி' என்ற பெயரைத் தனியுரிமையாக்க முடியவில்லை. அது பொதுப்பெயர் என்று அமெரிக்க வணிகமுத்திரை வாரியம் 1967ல் சொல்லிவிட்டது. நம்ம ஊர் போர்டு ரகசியம் இப்போ புரியுதா?

அடையாற்றில் ஏழு வருஷம்

1939ல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, 69 வயசில் மகன் மரியோவுடன் சென்னை வந்தார் மாண்டிசோரி. சில மாதத் திட்டம். அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகளில் பயிற்சி வகுப்பு, சுமார் 300 பேர். அம்மா இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் அரசுக்கு இவர்கள் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள், அம்மாவின் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு. மரியோ அவருக்குத் திருமணம் இல்லாமல் பிறந்த மகன். அந்தக் காலத்து ஊர் வாய்க்குப் பயந்து பல வருஷம் உறவுக்காரப் பையன் என்றே சொல்லி வந்தார்கள். 1940 ஆகஸ்ட் 31, அவரது 70வது பிறந்தநாளுக்கு வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பரிசாக உங்கள் மகனை விடுவிக்கிறோம் என்று. மகன் என்ற சொல் அரசுத் தந்தியில் வந்துவிட்டது.

போர் முடியும் வரை இங்கேதான். 1942லிருந்து இரண்டு வருஷம் கொடைக்கானலில் இருந்து, கைக்குழந்தை முதல் பெரிய பிள்ளைகள் வரை கவனித்துத் தன் சிந்தனையை விரித்தார். 1944ல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1946ல் ஐரோப்பா போய், மறுபடி வந்து 1949 வரை இருந்தார். இன்று உலகமெங்கும் மாண்டிசோரி ஆசிரியர்கள் படிக்கும் முக்கியமான புத்தகங்களில் சில முதலில் அச்சானது நம்ம சென்னையில். 1948ல் ஒன்றை கலாக்ஷேத்ரா வெளியிட்டது, 1949ல் இன்னொன்றை அடையாறு பிரம்மஞான சபைப் பதிப்பகம் வெளியிட்டது.

1952 மே 6ல் இங்கே நோர்ட்வைக் கடற்கரை ஊரில் காலமானார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துப் போய்க் கல்லறையைப் பார்த்தேன். உலகில் அமைதியைக் கட்ட என்னோடு சேருங்கள் என்று குழந்தைகளைக் கேட்டுக்கொள்ளும் இத்தாலிய வாசகம். பெரியவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

முற்றத்துக்கு வந்த பள்ளி

இதெல்லாம் அடையாறு கதை. பால்வாடிக்கு எப்படி வந்தது? அது தனிக் கிளை, மாண்டிசோரி இந்தியா வருவதற்கு முன்பே முளைத்தது.

குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்ற வக்கீல், தன் மகனுக்கு நல்ல பள்ளி தேடும்போது மாண்டிசோரி புத்தகம் கையில் கிடைத்து, 1920ல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். விலை உயர்ந்த கருவிகளோடு நம்ம கதை, பாட்டு, நாடகத்தையும் சேர்த்தார். 1931ல் காந்தி லண்டனில் மாண்டிசோரியைச் சந்தித்து, அவரது பயிற்சிக் கல்லூரியில் பேசினார். வசதியுள்ளவர் பிள்ளைகளுக்கு மட்டுமில்லாமல் பரம ஏழையின் பிள்ளைக்கும் இது கிடைக்க வேண்டும் என்பதுதான் காந்தி அங்கே சொன்ன விருப்பம்.

அதைச் செய்து காட்டியவர் கிஜுபாயோடு வேலை பார்த்த தாராபாய் மோடக். 1945ல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குப் போனார். உடன் அனுதாய் வாக். அங்கே ஏழைப் பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரவில்லை. வரலைன்னா என்ன, நாம போவோம் என்று அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். முற்றத்துக்கு அங்கே 'ஆங்கன்' என்று பெயர். அங்கன்வாடி பிறந்தது அப்படித்தான். இறக்குமதி மரச் சாமானுக்குப் பதில் கூழாங்கல், இலை, விதை, சிப்பி. 1957ல் கோஸ்பாடு என்ற ஊருக்கு மாறி ஆதிவாசிக் குழந்தைகளிடையே தொடர்ந்தார்கள். 1975 அக்டோபர் 2ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, மையங்களுக்கு வைத்த பெயர் அங்கன்வாடி.

ரோமில் குடியிருப்புக்குள்ளேயே இலவசமாக ஒரு அறை. போர்டியில் முற்றத்திலேயே ஒரு பள்ளி. இரண்டும் ஒரே யோசனை இல்லையா? தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது இரண்டு வயசுக் குழந்தைகளிலிருந்து சேர்த்தார்கள். கிராமத்துக்குக் கிராமம் பால்வாடி வந்தது, சோறும் வந்தது. பசியோடு இருக்கிற குழந்தை எந்த உருளையைப் பொருத்தும்?

இன்னொரு கிளையும் உண்டு. 2003ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் அட்டைகளும் மாண்டிசோரியின் கருவிகளும் அதற்கு முன்மாதிரி. பாய் விரித்து ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார், கரும்பலகை குழந்தை உயரத்துக்கு இறங்கியது. 2007-08ல் மாநிலம் முழுக்கப் போனது. பின்னாளில் மாற்றங்கள் வந்து, 2022 முதல் எண்ணும் எழுத்தும் அந்த இடத்தைப் பிடித்தது. ஆனாலும் அரசுப் பள்ளியில் அது நடந்தது என்பது வரலாறு.

எங்க வீட்டு வழக்கு

இப்போது சொந்தக் கதை. எங்கம்மா கரூர் பக்கம் ஒரு கிராமத்தில் 19 வருஷமாக அங்கன்வாடிப் பணியாளர். அக்கா திருப்பூரில். அக்கா மகளுக்கு மூணு வயசு. 'என்ற சென்டர்ல கொண்டாந்து உடு கண்ணு, நான் பாத்துக்கறேன்' என்று அம்மா. 'பால்வாடிக்கா? சும்மா இரும்மா' என்று அக்கா. ஒரு மாண்டிசோரிப் பள்ளியில் 45,000 ரூபாய் கட்டிச் சேர்த்தாயிற்று. குழந்தைக்கு இப்போது தினமும் நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம் வீட்டுப்பாடம். இளஞ்சிவப்புக் கோபுரமும் உருளைக் கட்டையும் இருக்கிறதா என்று அக்காவைக் கேட்கச் சொன்னேன். இருக்கிறதாம், கண்ணாடி அலமாரியில், பூட்டி. 'எடுத்துக் குடுத்தா தொலைச்சுருவாங்களாம்டா, ஆண்டு விழாவுக்கு வெளிய வெப்பாங்களாம்' என்றாள்.

அம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். 'என்ற சென்டர்ல பூட்டி வெக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல சாமி' என்றார்.

அதுதான் விஷயம். அம்மாவிடம் புளியங்கொட்டை இருக்கிறது, சோடா மூடி இருக்கிறது, ஆடிப்பாடச் சலிக்காத மனசு இருக்கிறது. நேரம் இல்லை. ஒரே அறை, ஒரு உதவியாளர். எடை பார்க்கணும், சத்துமாவு கொடுக்கணும், கர்ப்பிணிகள் கணக்கு, தடுப்பூசி நாள், பதிவேடு, செல்போன் செயலி, நடுவில் வாக்காளர் பட்டியல் வேலை. இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் நேரத்தில்தான் குழந்தைகளோடு உட்கார முடியும். 2019ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியபோது, நமக்கும் ஆள் போடுவார்கள் என்று அம்மா ஆசைப்பட்டார். அம்மாவின் மையம் அதில் வரவில்லை.

ஒரு பக்கம் பேரும் பொருளும் இருந்து பூட்டிக் கிடக்கிறது. இன்னொரு பக்கம் 1907ன் அசல் யோசனை, ஏழைக் குழந்தை இருக்கும் இடத்திலேயே இலவசமாக ஒரு நல்ல அறை என்பது, உயிரோடு இருந்தும் கைக்குச் சாமானும் ஆளும் இல்லை. பால்வாடி மாண்டிசோரிப் பள்ளிக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவே ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் சமமாக்குவதற்கு ஆகும் செலவு நம்மால் முடியாத ஒன்றில்லை. உருளையும் உப்புத்தாளும் நம்ம ஊர் தச்சர் செய்யக்கூடியவை. மையத்துக்கு இன்னொரு ஆள், பதிவேட்டு வேலையிலிருந்து கொஞ்சம் விடுதலை, இது அரசு செய்யக்கூடியது. 1917ல் இந்தக் குட்டி நாடு எடுத்த முடிவு மாதிரி ஒன்று.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் நண்பர்களுக்கு ஒரே யோசனை. போர்டைப் பார்க்காதீர்கள், உள்ளே போய் அலமாரியைப் பாருங்கள். பூட்டு இருக்கா, குழந்தைக்கு எட்டுதா, பொருள்களில் கைபட்ட தேய்மானம் இருக்கா. மூணு வயசுக்கு வீட்டுப்பாடம் உண்டு என்று பெருமையாகச் சொன்னால் செருப்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களில் பால்வாடியில் படித்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அங்கே என்ன வைத்து விளையாடினீர்கள், ஆயாவும் டீச்சரும் என்ன பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.